இன்னொரு தடவை ஐயா

மேடையின் நடுவில் அமர்ந்திருக்கும் எங்கள் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களுக்கும், அவருக்கு வலப்பக்கம் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்த அதிர்ஷ்டசாலியான இன்றைய நீதிபதி அம்மையார் அவர்களுக்கும், இடப்பக்கம் என் பேச்சு நீண்டால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவதற்கென்றே உட்கார வைக்கப்பட்டிருக்கும் பொருளாளர் அவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் அண்ணிக்கும், அண்ணியின் மகளுக்கும், எழுத்தர்களுக்கும், தட்டச்சர்களுக்கும், உள்ளே நாற்காலி காலியாக இருந்தும் பழக்கதோஷத்தால் வாசலிலேயே நிற்கும் டவாலிகளுக்கும், தேநீர் வந்துவிட்டதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் என் பின்வரிசை நண்பர்களுக்கும், இந்தச் சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் என் வணக்கம்.

இந்தச் சங்கத்தில் யார் காலமானாலும் நான்தான் பேசுவேன். என் துக்கம் மற்றவர்களுடையதைவிடப் பெரியது என்பதால் அல்ல. நம் ஒலிபெருக்கி பாதியில் உயிரை விட்டுவிடும். என் தொண்டை விடாது. அவ்வளவுதான் தகுதி. இதுவரை பதினோரு இரங்கல் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஒன்பதில் கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறது. மீதி இரண்டில் ஒலிபெருக்கி சரியாக வேலை செய்தது. அதனால் நான் சொன்னது தெளிவாகக் கேட்டுத் தொலைத்தது.

இன்று சிரிக்க வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. வந்தால் சிரியுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைசியில் அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தவிப்பீர்கள். நான் மூன்று நாளாகத் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியோர்களே! மறைந்த நம் நீதிபதி ஐயா இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தது இருபத்திரண்டு வயதில். நீதிபதியாக அல்ல, தட்டச்சராக. இரண்டாவது ஹாலில் மேடைக்குக் கீழே, சன்னலை ஒட்டி ஒரு மேசை இருக்கிறதே, ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை வைத்திருப்பார்களே, அதுதான் அவர் முதல் இருக்கை. அந்த அட்டையை வைத்ததே அவர்தான் என்கிறார்கள். அந்த மேசையிலிருந்து நீதிபதியின் நாற்காலிக்கு எவ்வளவு தூரம்? நேற்று நானே நடந்து பார்த்தேன். நான்கு எட்டு, மூன்று படி. அந்த நான்கு எட்டையும் மூன்று படியையும் கடக்க அவருக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

எட்டு ஆண்டுகள் தட்டச்சர். ஏழு ஆண்டுகள் பெஞ்சு கிளார்க். பகலெல்லாம் நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து கட்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் சட்டக் கல்லூரிக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டு ஆறு ஆண்டுகள் வழக்கறிஞர். பிறகு தேர்வெழுதி, ஏழு ஆண்டுகள் சின்னச் சின்ன ஊர்களில் குற்றவியல் நடுவர். அதன் பிறகு, ஐம்பதாவது வயதில், அதே கட்டடம், அதே இரண்டாவது ஹால், அதே சன்னல். மேலே அவர். கீழே அவருடைய பழைய மேசை, அட்டையோடு.

நான் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு இங்கே வந்தபோது அவர் பெஞ்சு கிளார்க். எனக்கு இருபத்துநான்கு வயது. சட்டம் தெரியாது, ஆனால் அங்கி எடுப்பாக இருந்தது. என் முதல் மனுவை நானே சங்கத்துத் தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு விரலால் அடித்துக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கி, படிக்காமல், முதலில் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மனு முழுக்கப் பொத்தல். நான் முற்றுப்புள்ளி வைத்த இடமெல்லாம் தாள் ஓட்டையாகி, வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. "தம்பி, எதிராளி மேல இருக்கிற கோபத்தை முற்றுப்புள்ளியில காட்டாதீங்க. தாள் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். அவர் வீட்டம்மா எனக்கு அண்ணி. அந்தப் பொத்தலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவர் வழக்கறிஞராக இருந்த ஆறு ஆண்டுகளில் அவருக்குக் கட்சிக்காரர்கள் அதிகம் இல்லை. காரணம், வந்தவர் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தப்பு உங்கள் பக்கம்தான் இருக்கும் போலிருக்கிறதே என்பார். அப்படிச் சொல்கிற வக்கீலிடம் எவன் தங்குவான்? அவர்களெல்லாம் எழுந்து நேராக என் மேசைக்கு வந்தார்கள். நான் தப்பு உலகத்தின் பக்கம் என்பேன்.

நீதிபதி தேர்வு வந்தபோது அவர் எழுதினார். நானும் எழுதினேன். அவர் முதல் முறையே தேறினார். நான் இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் தேறவில்லை. வெளியே எல்லாரிடமும், தேறியிருப்பேன், எனக்குத்தான் சுதந்திரம் முக்கியம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். இன்று சொல்லப்போகிறவற்றில் மிகச் சின்னது இது. அதனால் முதலில் சொல்லிவிட்டேன்.

இங்கே குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தினரும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். சாட்சி கூண்டில் ஏறிச் சொல்வதைத் தட்டச்சர் அடிப்பார். அடித்து முடித்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். நான் சொன்னது இதுதான் என்று சாட்சி ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து. இது விதி. ஆனால் விதியை நிறைவேற்ற எங்களிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.' காலையில் வந்ததும் வெற்றுத் தாள் கட்டில் அதை வரிசையாகக் குத்தி வைத்துவிடுவோம். ஆக, பத்து மணிப் பேருந்தில் தொங்கிக்கொண்டு சாட்சி வந்துகொண்டிருக்கும்போதே, அவர் இன்னும் சொல்லாத சாட்சியம் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டு, அவரும் சரி என்று ஒப்புக்கொண்டிருப்பார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நேரம் மிச்சம், அவ்வளவுதான்.

நம் ஐயா மட்டும் அப்படிச் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே அந்த ஸ்டாம்பை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சாட்சி பேசி முடித்ததும் தாளை வாங்கிக்கொள்வார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மாட்டுவார். எழுத்தரிடம் கொடுக்க மாட்டார், தானே படிப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது போல, முன்னால் குனிந்து, ஒவ்வொரு வரியாக. சாட்சி தலையை ஆட்டுவார். பயத்தில் எல்லாரும் ஆட்டுவதுதானே? ஐயா அதை ஏற்க மாட்டார். "தலையை ஆட்டாதீங்க, வாயால சொல்லுங்க" என்பார். பிறகு கேட்பார், "இன்னொரு தடவை படிக்கட்டுமா?"

இன்னொரு தடவையும் படிப்பார்!

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றே கால் மணிக்கு, நம் கேண்டீனில், மூன்றாவது வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு பெயர் வைத்தேன். 'இன்னொரு தடவை ஐயா.' மதியத்துக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. கேண்டீன்காரர் மூன்று டீயை 'இன்னொரு தடவை கோர்ட்டு'க்குக் கொண்டுபோகச் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர் அந்தப் பெயரைச் சொல்லியே வழி காட்டினார்.

ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் வராந்தாவில் திக்குத் தெரியாமல் நின்றிருக்கிறார். அந்தப் பக்கமாக நடந்து வந்த ஒரு பெரியவரைப் பிடித்து, "ஐயா, இந்த இன்னொரு தடவை ஐயா கோர்ட்டு எங்கங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர், வாங்க காட்டுகிறேன் என்று கூடவே நடந்து, வாசலில் விட்டு, உள்ளே மூன்றாவது பெஞ்சில் காற்று வரும், அங்கே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு நிமிடம் கழித்து டவாலி குரல் கொடுக்க, எல்லாரும் எழுந்து நிற்க, மேடைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தது அதே பெரியவர். வெளியூர்க்காரர் கும்பிட்ட கையை மாலை வரை இறக்கவில்லையாம்.

சிரிக்கிறீர்கள். நானும் இதை இருநூறு முறையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தப் பெயரைத் தன் காதால் கேட்டுக்கொண்டு அந்த வராந்தாவில் அவர் நடந்த முப்பதடி தூரத்தைப் பற்றி ஒருமுறைகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்தது லாரி டிரைவர் வழக்கு. என் வாழ்க்கையின் மகத்தான வெற்றி என்று நான் சொல்லிக்கொள்ளும் வழக்கு. புதிதாகச் சேர்ந்த இளம் வழக்கறிஞர்கள் ஒவ்வொருவரும் அதை என் வாயால் குறைந்தது மூன்று முறை கேட்டிருப்பீர்கள். இன்று நடந்தபடி சொல்கிறேன்.

லாரி மோதி ஒருவர் இறந்துவிட்டார் என்று வழக்கு. நான் டிரைவருக்காக. முக்கியச் சாட்சி, எதிரே இருந்த கிடங்கின் காவலாளி. நான் குறுக்கு விசாரணை செய்தேன். ஏதோ கேட்டேன், அவரும் ஏதோ சொன்னார். அந்த நேரத்தில் தட்டச்சர் தாள் மாற்றிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் அப்போதே வந்துவிட்டது. உறையைப் பிரிக்கத்தான் மேலேயிருந்து ஆள் வரவில்லை. நான் விசாரணையை முடித்து உட்கார்ந்தேன். ஐயா கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் கட்டின் பின்பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு நகைச்சுவைக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். ஆமாம், என் கட்சிக்காரன் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நிற்கும்போது.

முதல் தடவை படித்தார். காவலாளி தலையை ஆட்டினார். இரண்டாம் தடவை படித்தார். காவலாளி தயங்கித் தயங்கி, "ஐயா, லாரி நின்னுட்டுதான் இருந்துச்சுன்னு சொன்னேனே. அது இதுல வரலீங்களே" என்றார்.

தாள் மாறிய இடத்தில் அந்த ஒரு வரி விழுந்துபோயிருந்தது. அந்த ஒரு வரிதான் வழக்கே. அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான். பதிலைக் கவனிக்காதவனும் நான். ஐயா அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி, மூன்றாம் தடவையும் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். டிரைவர் விடுதலையானார். அவர் மனைவி என் காலில் விழப் பார்த்தார். நான் தடுத்தேன், ஆனால் கொஞ்சம் நிதானமாகத் தடுத்தேன். சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். ஐயாவின் பெயரை அங்கே நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்த மொட்டைக் கடிதம் போனது.

முகங்கள் மாறுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஆமாம், அந்தக் கடிதம்தான். எட்டு ஆண்டுகளுக்கு முன்னால், பெயர் போடாமல், ஊர் போடாமல், மேலிடத்துக்குப் போன ஆறு பக்கம். இரண்டாவது ஹாலில் நீதி நகர்வதில்லை என்று புகார். சாட்சிக் கூண்டில் ஏறும்போது கறுப்பாக இருந்த தலைமுடி இறங்கும்போது நரைத்திருக்கிறது என்று ஒரு வரி. அந்த ஹாலில் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வீண் செலவு என்று இன்னொரு வரி. மேலிடத்தில் அதைக் கைக்குக் கை மாற்றிப் படித்தார்களாம். மதிய இடைவேளையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்களாம். அப்போது மாவட்ட நீதிபதியாவதற்கான பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் ஐயாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. இவரையா மேலே போடப்போகிறோம் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை யாரும் தீர்மானித்து அடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார்கள்.

அந்தப் பெயர் மறுபடி எந்தப் பட்டியலிலும் வரவில்லை. தட்டச்சு மேசையிலிருந்து நான்கு எட்டு, மூன்று படி. அதற்கு மேல் ஒரு படியும் இல்லாமல், அறுபதாவது வயதில், அதே ஹாலிலிருந்து ஓய்வு பெற்றார். எட்டே மாதத்தில் போய்விட்டார்.

அந்தக் கடிதத்தை எழுதியது யார்? எட்டு ஆண்டுகளாக இந்தச் சங்கத்தில் கிசுகிசுத்த கேள்வி. மாற்றலாகிப் போன அரசு வழக்கறிஞர் நண்பர் ஒருவரைச் சந்தேகப்பட்டீர்கள். அவருடைய பிரிவுபசார விழாவில் பாதிப் பேர் கைதட்டவில்லை. பாவம், ஏன் தட்டவில்லை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்த விழாவில் ரொம்ப பலமாகக் கைதட்டியவன் ஒருவன் உண்டு. நினைவிருக்கிறதா? அவனைத் தாராள மனசுக்காரன் என்றீர்கள்.

எழுதியவன் நான்.

பொருளாளர் கடிகாரத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். நன்றி.

ஏன் எழுதினேன்? அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? ஒன்றுமில்லை. தேர்வில் தேறினார், அது ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. என் கேள்விக்கு வந்த பதிலை என்னைவிடக் கவனமாக அவர் கேட்டார், அது இன்னொரு காரணம். ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். நாலு பேர் சிரிக்க வேண்டும். சங்க அறையில் யாரும் இல்லாத ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து, என் கையெழுத்து தெரியக்கூடாது என்று தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு விரலால் அடித்தேன். அடிக்கும்போது நானே சிரித்தேன்.

பட்டியல் வெளியான அன்று அவர் அறைக்குப் போய் ஆறுதல் சொன்னவன் யார் தெரியுமா? நானேதான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "மேலே இருக்கிறவங்களுக்குக் கண்ணே இல்லண்ணே" என்று சொல்லிக் கைக்குட்டையைக்கூட எடுத்தேன். அவர் எனக்குத் தேநீர் வரவழைத்தார். "பரவாயில்லப்பா, இங்கேயே படிக்க வேண்டியது நிறைய இருக்கு" என்றார். நான் கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்டார், "இன்னும் ரெண்டு விரல்லதான் டைப் அடிக்கிறியா?" ஆமாண்ணே என்று சிரித்துவிட்டு வந்தேன். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குப் புரிய எட்டு ஆண்டுகளும் ஒரு சாவும் தேவைப்பட்டன.

மூன்று நாள் முன்பு துக்கம் விசாரிக்கப் போனேன். அண்ணி ஒரு பழுப்பு உறையை என் கையில் கொடுத்தார்கள். "கூட்டத்துல நீங்கதானே பேசுவீங்க, தம்பி? இதைப் படிச்சுட்டுப் பேசுங்க. படிக்காமப் பேசினா அவருக்குப் பிடிக்காது." அவ்வளவுதான் சொன்னார்கள். அவர்கள் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி மட்டும் மேசைமேல் மடித்தபடி இருந்தது, துடைத்து.

தெருமுனை வரை வந்து காரை நிறுத்தி உறையைப் பிரித்தேன். என் ஆறு பக்கம். நகலில்லை, அசல். விளக்கம் கேட்டு மேலிடத்தார் அதையே அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். தாளைத் தூக்கியதும் கார்க் கண்ணாடி வழியாக வந்த வெயில் அதில் பட்டு, என் சட்டை முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. அத்தனையும் என் முற்றுப்புள்ளிகள். பெயரை மறைத்தேன், கையெழுத்தை மறைத்தேன், பொத்தலை மறைக்கவில்லை. எட்டு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தவருக்கு அதற்கு மேல் கையெழுத்து வேறு வேண்டுமா?

கூடவே அவர் எழுதிய பதிலின் நகலும் இருந்தது. அரைப் பக்கம். படிக்கிறேன்.

"மனுவை முழுமையாகப் படித்தேன். அதில் கூறப்பட்டுள்ளவை சரியென ஒப்புக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும் உண்டு. சாட்சியத்தைப் படித்துக் காட்ட முக்கால் மணி நேரம் ஆவதாக எழுதப்பட்டுள்ளது. சில நாட்களில் ஒரு மணி நேரமும் ஆகிறது. எழுதியவர் யாரென்று தெரியுமா எனக் கேட்டுள்ளீர்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கிறார். அதை நான் போடுவது முறையாகாது. இந்த வழக்கத்தை நிறுத்த இயலுமா எனக் கேட்டுள்ளீர்கள். இயலாது. அதற்குக் காரணம் என்னுடைய பழைய தவறு ஒன்று. நேரில் கேட்டால் சொல்கிறேன்."

யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை. முந்தாநாள்தான் கேட்டேன், அவரிடம் பத்து ஆண்டுகள் பெஞ்சு கிளார்க்காக இருந்த அம்மாவிடம். அதோ, ஆவண அறைச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான். வேலைக்குச் சேர்ந்த வாரம், நேரம் மிச்சமாகுமே ஐயா, பூட்டி வைத்த ஸ்டாம்பை எடுத்து முன்னாலேயே குத்தி வைக்கட்டுமா என்று இவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர் கதவைச் சாத்தச் சொல்லி, உட்கார வைத்துச் சொன்னாராம்.

தட்டச்சராகச் சேர்ந்த முதல் ஆண்டு. ஒரு தையற்காரர் மேல் திருட்டு வழக்கு. அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மாள் சாட்சி சொல்கிறார். அன்றைக்கு முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தார், நான்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன் என்கிறார். அந்த நேரத்தில் நம் இருபத்திரண்டு வயதுத் தட்டச்சர் தாள் மாற்றிக்கொண்டிருந்தார். வரி விழுந்துபோயிற்று. தாளில் ஸ்டாம்ப் ஏற்கெனவே இருந்தது. படித்துக் காட்டப்பட்டது, சரி. வீட்டுக்காரம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தையற்காரர் சிறைக்குப் போனார்.

பல மாதம் கழித்து, தாள் மாற்றும் நேரத்தில் காதில் விழுவதை அவசரமாகக் குறித்துக்கொள்ளும் பழைய சுருக்கெழுத்து நோட்டைப் புரட்டும்போது அந்த வரி அவர் கண்ணில் பட்டது. தலைமை எழுத்தரிடம் ஓடினார். நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்றார் தலைமை எழுத்தர். இவர் கிழிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு, விடுப்புப் போட்டுவிட்டு, மேல் முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், தன் பெயர், தகப்பன் பெயர், வேலை எல்லாம் சொல்லி, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். தையற்காரர் பதினான்கு மாதம் கழித்து வெளியே வந்தார். இவருக்கு மூன்று ஆண்டுகள் சம்பள உயர்வு நின்றது. "ஒரு வரி டைப் அடிக்க எனக்கு அஞ்சு செகண்டு ஆகும்மா. அந்த மனுஷனுக்குப் பதினாலு மாசம் ஆச்சு" என்று சொன்னாராம். அதற்குப் பிறகுதான் சட்டம் படிக்க விண்ணப்பம் வாங்கியிருக்கிறார்.

நண்பர்களே! அவர் ஏன் நீதிபதியானார் என்று நாம் எத்தனை கதை கட்டியிருக்கிறோம்? பதவி ஆசை என்றோம். கிளார்க்குக்கு மேடை மேல் கண் என்றோம். அதைச் சொன்னவன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். அவர் அந்த மூன்று படி ஏறியது, விட்டுப்போன ஒரு வரியை ஒவ்வொரு நாளும் திருப்பிப் படிப்பதற்கு.

அவர் தன் தவறைத் தன் பெயர் போட்டு எழுதினார். நான் அடுத்தவர் மேல் சொன்ன குற்றத்தைக்கூடப் பெயர் போடாமல் எழுதினேன். இருவரும் ஒரே கட்டடத்தில், ஒரே மேலிடத்துக்கு எழுதியவர்கள். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

இருக்கிறது. இன்னும் ஒன்று இருக்கிறது. அது இன்றைக்குக் காலையில் நடந்தது.

தலைவர் முன்னால் இருக்கும் அந்த நீலக் கோப்பைப் பாருங்கள். இரங்கல் தீர்மானம். காலை ஒன்பதரைக்கு, எல்லாரும் வழக்குக்குப் போகுமுன், வெற்றுத் தாளின் அடியில் அறுபத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஒருவரும் என்ன எழுதப்போகிறாய் என்று கேட்கவில்லை. நேரம் மிச்சம். பத்தரைக்கு, முன்பு காலமான ஒரு நீதிபதியின் தீர்மானத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, மேலே அடிக்கச் சொன்னேன். உறை கொடுத்து மூன்று நாளாகிறது, எல்லாம் தெரியும், அப்படியும் கை பழக்கத்தில் செய்துவிட்டது! அதில் என்ன இருக்கிறது தெரியுமா? 'வழக்குகளை மின்னல் வேகத்தில் முடித்த மாமனிதர்.' இன்னொரு தடவை ஐயாவுக்கு, மின்னல் வேகம். அதன் கீழே நாம் அறுபத்து மூன்று பேர். இன்னும் சொல்லாத சாட்சியத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நீதிபதி அம்மையார் தரையைப் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். அவர்களும் போட்டிருக்கிறார்கள்.

தலைவர் அவர்களே, அந்தக் கோப்பைக் கொடுங்கள். கொடுங்கள் ஐயா, கடிக்க மாட்டேன். இதோ, கிழித்துவிட்டேன்.

இனி நான் செய்யப்போவது என்ன? மேலிடத்துக்கு ஒரு கடிதம் அடித்து வைத்திருக்கிறேன். இந்த முறை பெயர், முகவரி, உறுப்பினர் எண் எல்லாம் உண்டு. போன பதவி அவருக்கு இதனால் திரும்பாது. ஆனால் அவர் பெயருள்ள கோப்பில் என் ஆறு பக்கம் தனியாகக் கிடக்கக்கூடாது. திங்கட்கிழமையிலிருந்து, நான் ஆஜராகும் வழக்கில் எந்தச் சாட்சியையும் தான் சொன்னதைக் கேட்காமல் கையெழுத்திட விடமாட்டேன். படித்துக் காட்டுங்கள் என்று எழுந்து நிற்பேன். பொறுமையிழந்து நானே வெளியே நழுவப் பார்த்தால் என் அங்கியைப் பிடித்து இழுங்கள். ஆவண அறை அம்மாவிடம் அவருடைய இழுப்பறைச் சாவி இருக்கிறது. அந்த ஸ்டாம்ப் உள்ளேயே இருக்கட்டும் என்று அம்மையாரிடம் பணிந்து கேட்கிறேன்.

அடுத்து, தீர்மானம். நேற்றே ஒன்று எழுதியிருக்க வேண்டியது; இப்போது மேடையில் மற்றவர்கள் பேசும்போது என் முறைக்காகக் காத்திருந்து எழுதியிருக்கிறேன். தேநீர் வந்துவிட்டது, பார்த்தேன். ஆறட்டும். யாரும் எழுந்திருக்க வேண்டாம். அண்ணி, இதைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்ல இந்த அறையில் உங்களுக்குத்தான் உரிமை. படிக்கிறேன்.

"தட்டச்சராக இந்த நீதிமன்றத்தில் சேர்ந்தார். ஒரு வரியை விட்டார். அதைத் தாமே போய்ச் சொன்னார். அதன் பிறகு கடைசி நாள்வரை எவருடைய வரியையும் விடவில்லை. அதற்காக இந்தச் சங்கம் அவரைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்க வைத்தவர் இதன் செயலாளர். பெயர் போடாமல் புகார் எழுதியவரும் அவரே. அதை நீதிபதி அறிந்திருந்தும் சொல்லவில்லை. அவர் படித்தது போல் இனி நாங்கள் படிப்போம்."

அண்ணி தலையை ஆட்டுகிறார்கள்.

தலையை ஆட்டாதீங்க, அண்ணி. வாயால சொல்லுங்க.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. ஒலிபெருக்கி வழக்கம்போல் போய்விட்டது. அண்ணி சொன்னதை நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன்.

"ரொம்ப வேகமாப் படிச்சிட்டீங்க, தம்பி."

சரி, அண்ணி. கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன். இன்னொரு தடவை படிக்கிறேன்.